கூலர் கடன்

என் கணவரும் அவருடைய பஞ்சாபி நண்பரும் கூட்டாக, ஈரக் காற்று வீசும் டெசர்ட் கூலர் செய்து விற்ற காலத்தில், டெல்லி மோதி பாக்கில் என் பேரில் கிடைத்த அரசுக் குடியிருப்பில் இருந்தோம். நான் மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. நண்பர் மோட்டாரும் வயரிங்கும் பார்ப்பார், இவர் விற்பனை. நாலைந்து கோடைகள் நன்றாகவே போயின.

அப்புறம் ஒரு வருஷம் மே மாதமெல்லாம் மழை. டெல்லியே போர்வை கேட்டது. கூலர்களை மொத்தமாகக் கடனுக்கு வாங்கியிருந்த ஓட்டல்காரனும் கடையை மூடிவிட்டான். அவனுக்குக் கடன் கொடுத்தது இவர் தப்பு என்றார் நண்பர். அளவுக்கு மேல் செய்து குவித்தது அவர் தப்பு என்றார் இவர். கூலர் செய்த ஷெட்டைப் பூட்டினார்கள், பேச்சும் நின்றது. நண்பர் ஒரு கடையில் வேலைக்குப் போய்விட்டார்.

தொழில் முடிந்தால் கடனும் அதோடு முடியும் என்று இவர் நினைத்திருக்கிறார். கூலருக்குத் தகரம் கடனாகக் கொடுத்த சர்தார்ஜியின் வக்கீல் நோட்டீஸ் வந்தபோதுதான் விஷயம் உறைத்தது. ஊர்க்காரர் ஒருவர் வக்கீலாக இருந்தார். அவரிடம் ஓடினோம்.

“பார்ட்னர்ஷிப்னா கடை வேற, நீ வேற இல்லப்பா. ரெண்டு பேர்ல யாரை வேணும்னாலும் முழுக் கடனுக்கும் பிடிக்கலாம். கேஸ்ல தோத்தா ஸ்கூட்டர், டிவி எல்லாம் போகும். சமையல் பாத்திரத்தத் தொடமாட்டாங்க.”

“என் சம்பளம்?” என்றேன்.

“அதத் தொட முடியாதும்மா. நீங்க பார்ட்னர் இல்லையே.”

வீட்டுப் படியேறும்போது இவர், “அவன் வீட்டுலயும் நோட்டீஸ் வந்திருக்கும்லா? புள்ளைய வச்சுக்கிட்டு என்ன செய்தானோ” என்றார். சண்டை போட்ட ஆளுக்காக இப்படி முகம் வாடுகிறவரிடம் எப்படிக் கோபப்படுவது?

மறுநாள் மதியம் நண்பரின் மனைவி என் அலுவலக வாசலில் நின்றாள். அவளும் தூங்கியிருக்கவில்லை.

“பாபி, இவங்க ரெண்டு பேரும் பேச மாட்டாங்க. நாம பேசலாம்,” என்றாள் இந்தியில், அண்ணி முறை வைத்து. விற்காத கூலர்கள் அவர்கள் வீட்டு மாடியில் குவிந்து கிடந்தன. எங்கள் காலனியில் வீட்டுக்கு வீடு கூலர் வேண்டும். என் அலுவலகத்திலும் மாதத் தவணை என்றால் வாங்குவார்கள். அங்கேயே, கடலைக்காரன் பக்கத்தில் நின்றபடி, அவற்றை நாங்களே விற்றுக் கடனை அடைப்பதென்று முடிவு செய்தோம். இருவருமாகப் போய் சர்தார்ஜியைப் பார்த்தோம். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்து, லஸ்ஸி வரவழைத்தார். “கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், வழக்குப் போடமாட்டேன். ஆனால் இரண்டு பேரும் கையெழுத்துப் போடணும்” என்றார்.

போட்டார்கள், வெவ்வேறு நாட்களில் போய்.

அடுத்த கோடையில் எங்கள் வராந்தாவே பட்டறை ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர் வந்து மோட்டார் பொருத்துவார். இவர் கூலரின் பக்கவாட்டுத் தட்டிகளில், தண்ணீர் ஊறுவதற்கான புல் அடைப்பார். ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டுதான்.

“ஸ்குரூ டிரைவரக் கேளு” என்பார் இவர் என்னிடம். ஸ்குரூ டிரைவர் நண்பரின் கையில் இருக்கும்.

ஒரு ஞாயிறு, ஓடும் கூலரை ஈரக்கையால் தொட்டுவிட்டார் இவர். ஷாக் அடித்துக் கீழே விழுந்தார். நண்பர் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். இவருடைய தோளைப் பிடித்து உலுக்கி, பஞ்சாபியில் ஒரு பாட்டம் திட்டினார். மூச்சு வந்ததும் இவர், “எர்த் கொடுக்காம என்னத்தலே வயர் போட்ட?” என்று சுத்தத் திருநெல்வேலித் தமிழில் கத்தினார். ஒருவர் திட்டியது மற்றவருக்குப் பாதி புரியவில்லை. நிறுத்தவும் இல்லை. மழை, ஓட்டல்காரன், பூட்டிய ஷெட் என்று எல்லாம் வெளியே வந்தன. கடைசியில் நண்பர் தரையில் உட்கார்ந்து அழுதார். இவர் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே, “அச்சா, அச்சா, போதும்” என்றார். அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்கள் இருட்டும்வரை எழுந்திருக்கவே இல்லை.

கடன் அடைய மூன்று கோடைகளுக்கு மேல் ஆயிற்று. என் வருங்கால வைப்பு நிதியிலிருந்து கொஞ்சம் எடுத்தேன். அவள் டியூஷன் எடுத்தாள். எங்களைச் சட்டம் கேட்கவில்லைதான். கடைசித் தொகையை நால்வருமாகக் கொண்டுபோய்க் கொடுத்தபோது சர்தார்ஜி மறுபடி லஸ்ஸி வரவழைத்தார்.

பிறகு நாங்கள் டெல்லி ஓரத்தில் புதிதாக எழும்பிய துவாரகாவுக்குக் குடிவந்தோம். சாமான் இறக்க வந்த நண்பர் பால்கனியில் நின்று எதிரே எழும்பும் அடுக்குமாடிகளைப் பார்த்தார். “இத்தனை வீடு! இங்கே தண்ணீர் ஃபில்டர் விற்றால்...” என்று ஆரம்பித்தார். இவர் கண்ணும் பளிச்சென்றது.

“நஹி!” என்றோம் நானும் அவளும், ஒரே குரலில்.