புகைமணிக்குள் குடியிருந்த சிலந்தி

அந்தத் தையல் ஆலையில் அவனுக்கு 'சிலந்தி எலெக்ட்ரீஷியன்' என்று பெயர். மேல்மாடித் தையல் கூடத்தின் கூரையில், புகை பட்டால் அடிக்கிற புகைமணி அலறும்போதெல்லாம் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் அவன்தான். மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு குதிக்கும் சிலந்தி! இத்துனூண்டு உடம்பு, அது முழுக்கச் சாம்பல் ரோமம், முன்னால் பெரிதாக இரண்டு கண், அது போதாதென்று இன்னும் ஆறு. வலை கட்டிக் காத்திருக்கிற இனம் இல்லை. பசித்தால் வெயில் விழும் ஜன்னல் விளிம்பில் பதுங்கும். ஈ வந்தால் ஒரே தாவல். படுக்க மட்டும் மணிக்குள் வந்து வெள்ளையாகப் பட்டுப்பை கட்டிக்கொள்ளும். அது உள்ளே அசைந்தால் கருவிக்குப் புகை என்று நினைப்பு.

விரலை நீட்டினால் ஓடாது. உடம்போடு திரும்பி நின்று முறைக்கும். "உனக்கு வேற வீடே கிடைக்கலையா, சனியனே?" என்று திட்டுவானே தவிர, கொல்ல மனசு வராது. தட்டிவிடுவான்; அது நூலில் தொங்கி மறுபடி ஏறிவிடும்.

மணி அடித்து எல்லாரும் ஓடினால் வேலை கெடுகிறதென்று சூப்பர்வைசர் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். அதனால் ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டான். முதலில் மணியை அணைப்பான். பிறகு வாசலில் நின்று, "சிலந்திதான், உக்காந்து தைங்க!" என்பான். அப்புறம்தான் ஏணி. பாவி, மணி அடித்தாலும் எழுந்திருக்காமல் இருக்க அவர்களைத் தன் வாயாலேயே பழக்கினான்.

கடைசி வரிசையில் காலர் தைப்பவள் அவன் தங்கை. கெஞ்சிக் கூத்தாடி அவன் வாங்கிக் கொடுத்த வேலை. "எங்க அண்ணனோட சம்பந்தி வந்தாச்சு!" என்பாள். கூடமே சிரிக்கும். அந்தக் கூடத்துக்கு ஒரே படிக்கட்டு. துணிக் கிடங்கைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்.

அன்றும் மணி அடித்தது. அணைத்தான், சொன்னான், ஏறினான். மூடிக்குள் வெறும் பை. சிலந்தி எதிர் ஜன்னலில், வெயிலில் உட்கார்ந்து அவனையே பார்த்தது.

ஏணியில் நின்றபடியே திரும்பினான். கிடங்குக் கதவின் அடியிலிருந்து கறுப்பாகப் புகை கசிந்து வந்தது.

"எழுந்திரிங்க! நெருப்பு! ஓடுங்க!" தொண்டை கிழியக் கத்தினான்.

மிஷின்கள் நிற்கவில்லை. யாரோ சிரித்தார்கள்.

கிடங்குக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த தங்கை தலையைக்கூடத் தூக்கவில்லை.

"போண்ணே, இந்தக் காலரை முடிச்சிட்டு வரேன். உன் சம்பந்தியைக் கேட்டதாச் சொல்லு."