ஏழாம் நம்பர் டேபிளை நான் காலி செய்யவில்லை

1. ஞாயிறு மதியம்

"ஸ்டெல்லா, ஏழாம் நம்பரை அஞ்சு நிமிஷத்துல காலி பண்ணுங்க" என்று மேனேஜர் என்னிடம் சொன்னபோது, அந்த டேபிளில் அப்போதுதான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஏற்காட்டில் தங்கும் விடுதி ஒன்றின் ரெஸ்டாரன்டில் கேப்டனாக இருந்தேன். பாத்திரம் கழுவச் சேர்ந்து, பதினேழு வருடம் கழித்துக் கேப்டன் கோட்டுப் போட்டவள். ஆர்டர் எடுப்பது, யாரை எங்கே உட்கார வைப்பது, சர்வர்களைப் பார்த்துக்கொள்வது எல்லாம் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்கள் ஏறி வந்துவிடும். வாசலில் கூட்டம் நிற்கும். பள்ளத்தாக்கு தெரிகிற ஜன்னலோர டேபிள் ஒன்றே ஒன்றுதான். அதுதான் ஏழு.

அன்று அதில் இருந்தவர்கள் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கும் நான்கு பெண்கள். வியாழக்கிழமையே அவர்களில் மூத்தவரான பழனியம்மா போன் செய்திருந்தார்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம மத்தியானம் நாலு பேருக்கு ஜன்னலோரமா எடம் கெடைக்குமுங்களா? எங்க சரசு திருப்பூருக்கே குடி போறாளுங்க. எஸ்டேட்டுல வேலைக்குச் சங்கு ஊதறதுக்குள்ள அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடியே பழகிட்டோம். ஒரு நாளாச்சும் ஒண்ணா உக்காந்து மெதுவா சாப்படோணும்."

நோட்டில் அவர் பெயரை எழுதினேன். ஞாயிறு காலையில் 'ரிசர்வ்டு' பலகையையும் நானே வைத்தேன்.

ஒரு மணிக்கு இரண்டு டூவீலரில் வந்து இறங்கினார்கள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. பழனியம்மா மெனு கார்டை முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் மற்ற மூவரும் ஒரு கருத்துச் சொன்னார்கள். கால் மணி நேரம் விவாதித்துவிட்டு நால்வரும் மீன் குழம்புச் சாப்பாடே கேட்டார்கள். சிரிப்பு வாசல்வரை கேட்டது.

அப்போதுதான் அடிக்கடி வருகிற ஒரு குடும்பம் காரில் வந்தது. அவர்களுக்கு ஜன்னலோரம் வேண்டுமாம்.

"இவங்கள வாஷ்பேசின் பக்கத்து டேபிளுக்கு மாத்துங்க" என்றார் மேனேஜர்.

"பாதிச் சாப்பாட்டுல இருக்காங்க சார்."

"இவங்களுக்கு எங்க உக்காந்தா என்ன? தெனமும் இந்த மலையத்தானே பாக்கறாங்க?"

"செடிக்குள்ள நின்னு பறிக்கறவங்களுக்கு மலை எங்க சார் தெரியும்? போன் பண்ணி எடம் சொல்லிவெச்சவங்க. நான் எழுப்ப மாட்டேன்."

அவர் என்னைத் தாண்டிப் போய், பில் ஃபோல்டரைத் தானே கொண்டுவந்து ஏழாம் டேபிளின் நடுவில் வைத்தார். சரசு, கையில் சோற்றுப் பருக்கையோடு எழுந்துவிட்டார். யாரும் அவரை எழச் சொல்லவில்லை. இருந்தாலும், தப்புச் செய்தவர் மாதிரி எழுந்து நின்றார்.

பழனியம்மா சரசுவின் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "உக்காரு புள்ள." பிறகு மேனேஜரை நிமிர்ந்து பார்த்தார். "ஏனுங்க தம்பி, கேட்ட பாயசம் இன்னும் வரலீங்க. கேக்காத பில்லு மொதல்ல வந்துருச்சுங்களே?"

"கூட்டமா இருக்கும்மா. கொஞ்சம் சீக்கிரம்..."

"நாங்களும் அந்தக் கூட்டத்துல வந்தவங்கதானுங்க."

நான் போய் ஃபோல்டரை எடுத்து என் கோட்டுப் பைக்குள் திணித்தேன்.

"பாயசம் வருதுங்கக்கா. அப்பறம் காபி. உங்களுக்கு எப்பப் போகணுமோ அப்பப் போங்க."

"நொம்ப நல்லதுங்க அம்மிணி" என்றார் பழனியம்மா. சரசு மெல்ல உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் திரும்ப வந்தது.

அவர்கள் எழுந்தபோது மணி மூன்றரை. காத்திருந்த குடும்பம் வேறு டேபிளில் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தது. குடி ஒன்றும் முழுகிவிடவில்லை.

2. திங்கட்கிழமைக் கடிதம்

மறுநாள் மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுங்க" என்றார். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. மகள் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். இருந்தாலும் மூன்று வரிதான் எழுதினேன்.

'சொல்லிவைத்து வந்தவர்களுக்கு டேபிள் கொடுத்தேன். சாப்பிடும்போது அவர்களை எழுப்ப மறுத்தேன். இனிமேலும் மறுப்பேன்.'

கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு என்னை ரூம் சர்வீஸில் போட்டார்கள். மூன்று மாதம் ட்ரேயைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினேன். கால் வீங்கியது. ராஜினாமா செய்வேன் என்று எதிர்பார்த்தார்கள். செய்யவில்லை.

சீசன் தொடங்கியது. கூட்டத்தைச் சமாளிக்க ஆளில்லை. அதே மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"பழசெல்லாம் விடுங்க ஸ்டெல்லா. கோட்டப் போட்டுக்கங்க. அந்த லெட்டரக் கிழிச்சிடறேன்."

"கோட்டப் போட்டுக்கறேன் சார். லெட்டர் ஃபைல்லயே இருக்கட்டும்."

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சாப்பிடுகிறவரை வாய் திறக்காமலே எழுப்ப இங்கே பல வழிகள் உண்டு. தலைக்கு மேல் விளக்கை அணைப்பார்கள். துடைத்த டேபிளையே மறுபடி துடைப்பார்கள். பக்கத்து நாற்காலியைக் கவிழ்த்துப் போடுவார்கள். முதல் மாதமே உங்களுக்கும் இதெல்லாம் சொல்லித் தருவார்கள். நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். அப்போதுதான் உங்கள் டேபிளில் யாராவது அதைச் செய்ய வரும்போது, எங்கே குறுக்கே நிற்க வேண்டும் என்று தெரியும்.