பௌர்ணமியில் ஏற்றிய விளக்கு

கடல் சூழ்ந்த உலகெலாம் தன் அடிக்கீழ் வைத்த பெருமான் நம்மைக் காக்க!

வைகாசித் தேய்பிறைப் பிரதமையாகிய இந்நன்னாளில், எங்கள் அண்ணா திருநாடு எய்திய முதலாண்டு நிறைவில், இம்மலரை உங்கள் கைகளில் தருகிறோம். எதையும் தொடங்கலாகாத பிரதமையை நன்னாள் என்பதா என்று சிலர் திகைக்கலாம். அண்ணாவை அறிந்தோர் திகைக்கமாட்டார்.

மணிமங்கலத்தில் உழவர் குடியில் பிறந்தவர் அண்ணா. இளமையிலேயே தந்தையாரை இழந்து, ரப்பர் ஆலையொன்றில் கூலிக்குச் சேர்ந்து தொழில் கற்றார். பின்னர் தண்டலத்தில், வண்டிகளுக்கான ரப்பர் வளையங்கள் வார்க்கும் சிறு தொழிற்சாலையை நிறுவினார்.

1991இல் அயல்நாட்டு முதலீடு நம் நாட்டுக்கு வருமா என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, “நாம் அங்கே போவோம்” என்றார் அண்ணா. ரப்பர் விளையும் இலங்கையிலேயே ஓர் ஆலை. யந்திரமும் முதலும் நம்முடையவை, நிலமும் ஆட்களும் கொழும்பு நிறுவனத்தார் பொறுப்பு. அந்நிறுவனத்தின் உரிமையாளர் தமிழறிந்த சிங்களப் பெரியவர். இங்கிருந்து அனுப்பவிருந்த, ரப்பர் வார்க்கும் பிரஸ் யந்திரம் ஓடுவதை நேரில் கண்ட பின்னரே ஒப்பமிடுவதாகச் சொல்லியிருந்தார். குடும்ப வழக்கப்படி அண்ணா பௌர்ணமியைத் தேர்ந்து, பூசைக்கு வருமாறு அவரை அழைத்தார்.

வெண்ணிற உடையில் வந்த பெரியவர், பிரஸ்ஸின் ஸ்விட்சைப் போடுமாறு அண்ணா சொன்னதும் கைகூப்பினார்.

“மன்னிக்கணும் ஐயா. பூசைக்கு மட்டும் எண்டு நினைச்சு வந்தேன். இண்டைக்கு எங்களுக்குப் போயா, புத்தருக்கு விரத நாள். தொழில் செய்ய ஏலாது. நாளைக்குக் காலையில செய்வமே? பின்னேரம் எனக்கு விமானம்.”

தலைமை ஃபிட்டர் வெகுண்டார். “நாளிக்கு பிரதமை மொதலாளி! அவுரு இன்னிக்கு மாட்டாரு, நாம நாளிக்கு மாட்டோம். அப்போ பிரஸ்ஸ பெருமாளா வந்து ஓட்டுவாரு?”

“ஓட்டுவாருப்பா” என்றார் அண்ணா. “நீ அந்தக் குத்துவெளக்க ஏத்து. அது அணையற வரைக்கும் நமக்கு இன்னிக்குத்தான். தொடங்கினது பௌர்ணமியில, நாளிக்கு நடக்கறது அதோட மிச்சம்.”

விளக்கு அணையாமல் காக்கப்பட்டது. எண்ணெய் ஊற்றிக் காத்தவர் அதே ஃபிட்டர்தான். மறுநாள் காலை, பெரியவர் அருகில் நிற்க, பிரஸ்ஸை ஓட்டியவரும் அவரே. ஒப்பந்தம் நிறைவேறியது. அந்த ஆலை இன்றும் செவ்வனே நடக்கிறது. அன்று முதல் தண்டலத்திலும் பௌர்ணமியன்று பிரஸ் ஓடுவதில்லை. ஷிப்ட் ஆட்கள் அதைப் ‘போயா லீவு’ என்பர்.

சென்ற ஆண்டு வைகாசிப் பௌர்ணமியன்று, நோயால் தளர்ந்திருந்த அண்ணா அந்த விளக்கைத் தம் கட்டிலருகே ஏற்றச் சொன்னார். மறுநாள் காலை, அது எரிந்துகொண்டிருக்கையிலேயே பெருமான் திருவடி சேர்ந்தார். “பிரதமையில் போய்விட்டாரே” என்று உறவினர் வருந்தினர். முதுமையில் கோலூன்றி வந்திருந்த அந்த ஃபிட்டர் சொன்னார்:

“இன்னா பிரதமை? வெளக்கு எரியுது பாருங்க. மொதலாளி நேத்தே கெளம்பிட்டாரு.”

நோயில் துணைநின்ற மருத்துவர்க்கும், கடல் கடந்து வந்து தோள்கொடுத்த பெரியவரின் மக்களுக்கும், தொழிற்சாலைத் தோழர்க்கும் எங்கள் நன்றி. இதைப் படிப்போர் அனைவரும் தொடங்கிய நற்செயல் யாவும் நிறைவுற்று, அவர்தம் இல்லத்து விளக்கு என்றும் ஒளிரப் பெருமான் அருள்வாராக.