கல்லைப் பார்க்காத சிறுத்தை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் கொதிக்கிறது.

காலைப் பெரட்டில் பேர் கொடுத்து, வேலை பிரித்து வாங்கிக்கொண்டு கொழுந்து எடுக்க மலைக்கு ஏறினோம். மேலே, காட்டோரத்தில் ஒரே கூட்டம். போய்ப் பார்த்தால், காட்டுப்பன்றிக்காக யாரோ கட்டியிருந்த கம்பிச் சுருக்கில் ஒரு சிறுத்தை இடுப்போடு மாட்டிக் கிடந்தது. அது அசையும்போதெல்லாம் கம்பி இறுகியது. சுற்றி முப்பது பேர் இருக்கும், எல்லார் கையிலும் போன். வனவிலங்கு அதிகாரிகளுக்குச் சொல்லியாயிற்று, மயக்க ஊசியோடு அவர்கள் வந்து சேர மதியமாகும் என்றார் எங்கள் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு.

அதற்குள் அது களைத்துப் படுத்துவிட்டது. படுத்துக் கிடந்தால் வீடியோ நன்றாக இருக்காதாம். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்து ஆள் ஒருவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், அது எழுந்து நிற்கட்டும் என்று ஒரு கல்லை விட்டெறிந்தார். கல் முதுகில் பட்டது. அது கல்லைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, அத்தனை பேருக்குள்ளும் எறிந்தவரை மட்டும் பார்த்தது. அவர் சிரித்துக்கொண்டே இடம் மாறி நின்றார். அதன் கண்ணும் அவர் பின்னாலேயே போனது.

"ஏண்ணே, மனுசனா நீங்க? யாரு அடிச்சான்னு அதுக்குத் தெரியுது, பாருங்க!" என்று கத்தினேன்.

"மிருகத்துக்கு என்னாம்மா தெரியும்? நீ போயி கொழுந்த எடு."

கூட்டம் சிரித்தது. அன்றைய சம்பளம் போனாலும் போகட்டும் என்று நானும் இன்னும் இரண்டு பெண்களும் அதிகாரிகள் வரும்வரை குறுக்கே மறித்து நின்றோம். அவர்கள் ஊசி போட்டு, கம்பியை வெட்டி, கூண்டில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் கண்டாக்கு சொன்னார், "வயித்துக்குள்ள எல்லாம் அறுந்து போச்சாம். வழியிலயே செத்துருச்சு."

கம்பி கட்டியது யார் என்று அதிகாரிகள் லயத்துக்கு வந்து விசாரித்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். எங்களுக்குத் தெரியாதா? அந்த மாதிரிக் கம்பியில் விழுந்த பன்றிக்கறியை எத்தனை ஞாயிற்றுக்கிழமை வாங்கிச் சமைத்திருக்கிறேன்! கல்லெறிந்தவரைத் திட்ட இருந்த வாய் அன்றைக்கு எங்கே போனதோ.

மிருகங்களுக்கு அறிவு உண்டா இல்லையா என்று டிவியில் யாராவது பேசினால் இப்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. தன்னை நோகடிப்பது யாரென்று அதற்குத் தெரிந்துதான் இருந்தது, எல்லாம் தெரிந்தும் தெரியாதவர்களாக நின்றது நாங்கள்தான்.