மேடையில குடுத்து பின்படியில புடுங்குன கவரு

மதுரைக்கு வெளிய ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கிக்கு சுண்ணாம்படிச்சு, பாலிடெக்னிக்குன்னு போர்டு மாட்டுனாக. பத்தாப்ப தட்டுத்தடுமாறித் தாண்டுன நானும் அதுல போயி விழுந்தேன். பக்கத்து சீட்டு எழுமலை ஊர்க்காரன், எனக்கு மாப்ள முறையாயிட்டான். அவங்கப்பா அடுத்தவன் காட்டுல களை வெட்டுற ஆளு. சர்க்கார் உதவித்தொகை வந்தாத்தான் அவனுக்கு ரெண்டாம் வருசம், இல்லன்னா அவனும் காட்டுக்குத்தான்.

வந்துருச்சு. அதுக்கு ஒரு விழா வேற! கரஸ்பாண்டென்ட் மாலையும் கழுத்துமா நின்னு, ஒவ்வொருத்தனாக் கூப்ட்டுக் கவரு குடுத்தாரு. கீழ ஒக்காந்திருந்த அவங்கப்பா கைதட்டுறத நிறுத்தவே இல்ல.

முன்படியில ஏறி வாங்கணும், பின்படியில எறங்கணும். எறங்குற எடத்துல கிளார்க்கு டேபிளப் போட்டு ஒக்காந்திருந்தாரு. நானும் பக்கத்துல போயி நிக்க, மாப்ள கையில இருந்த கவர வாங்கி, ரூவாய உருவி டிராயர்ல போட்டாரு.

"சார், இது போக பீஸு இன்னும் எம்புட்டு கட்டணும்?"ன்னான் மாப்ள.

"பழைய பீஸு முழுசாக் கட்டணும். இது அபிவிருத்திக் கட்டணத்துக்குச் சரியாப் போச்சு."

"அது எப்ப சார் வந்துச்சு?"

"உதவித்தொகை வந்துச்சுல்ல, அப்பத்தான்."

வந்தது எம்புட்டோ, ஏத்துனதும் அம்புட்டு. உதவியே வாங்காத எனக்கும் சேத்துத்தான் ஏத்தியிருந்தாக.

"அண்ணே, வெறுங்கவரயாச்சும் குடுங்க, வீட்டுல காட்டட்டும்"னேன்.

"மேடைக்குத் திரும்ப வேணும்யா. இன்னும் ஆளு நிக்கிதுல்ல"ன்னாரு. நான் நக்கலுக்குக் கேட்டேன், அந்தாளு நெசமாவே சொன்னாரு.

விழா முடிஞ்சதும் அவங்கப்பா நேரா கரஸ்பாண்டென்ட்டுகிட்ட போயி ரெண்டு கையையும் கூப்புனாரு. "எம்புள்ளையப் படிக்க வச்சிட்டீக ஐயா."

மாப்ள ஓடிப்போயி அந்தக் கையப் புடிச்சு எறக்குனான். "கும்புடாதப்பா. பழைய பீஸு அப்படியே நிக்கிது."

அவரு மகனப் பாத்தாரு, கரஸ்பாண்டென்ட்டப் பாத்தாரு. "என்னங்கய்யா சொல்றான் இவன்?"

"அதெல்லாம் ஆபீஸ்ல கேளுங்க பெரியவரே"ன்னுட்டு அந்தாளு கார்ல ஏறிட்டாரு.

லீவு முடிஞ்சு காலேஜ் தொறந்தப்ப மாப்ள வரல. நாலு நாளு பாத்துட்டு ஆபீஸ்ல போயிக் கேட்டேன். கிளார்க்கு பல்லக் குத்திக்கிட்டே சொன்னாரு: "சர்க்காரு காசு குடுத்தும் படிக்க வரமாட்டேங்கிறானுகய்யா. இவனுகளுக்கு எம்புட்டு செஞ்சாலும் இப்படித்தான்."

அவரு டேபிளு ஓரமாவே காறித் துப்பிட்டு வெளிய வந்துட்டேன்.