குறை: வலது பெருவிரல்

மூன்றாவது முறையாகக் கை கழுவுகிறார். நகக்கண்ணுக்குப் பழைய டூத்பிரஷ், மணிக்கட்டு வரைக்கும் சோப்பு. பகலெல்லாம் லிஃப்டுகளின் கிரீஸில் புரளும் கை அது. துடைத்ததும் விளக்கின் முன் நீட்டி, விரல் விரலாகப் பார்க்கிறார். பிறகு பருத்திக் கையுறை, முகக்கவசம். மின்விசிறி நிற்கிறது. பழைய நாணயங்கள் சேர்த்துவைத்த இரும்பு அலமாரி திறக்கிறது. அதற்குமேல் வீட்டில் யாரும் பேசக்கூடாது.

"எச்சில் தெறிக்கும். இன்னிக்குத் தெரியாது. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு கரும்புள்ளி வரும்" என்பார்.

நாணயத்தைத் தூக்கும்போது அவரே மூச்சை அடக்கிக்கொள்வார். விளிம்பில் மட்டும் இரண்டு விரல். நாணயத்தின் முகத்தில் தொட்டால் தொட்டவர் தொலைந்தார்.

வெள்ளிக்கு ஆகாதவை என்று அவரிடம் ஒரு பட்டியல் உண்டு: ரப்பர் பேண்ட், செய்தித்தாள், புது பெயின்ட், மர அலமாரி, கம்பளி. முட்டை வேகும் நாளில் அலமாரி திறக்காது. முட்டையின் வாடை வெள்ளியைக் கறுக்கச் செய்யும். சொந்தக்காரர்கள் செருப்பு வாங்கினால் பெட்டிக்குள் கிடக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இவர் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். "செருப்பு எனக்கு, சீக்கு உங்களுக்கு" என்று மைத்துனர் கைநிறையக் கொடுத்துவிட்டுப் போவார். அலமாரிக்குள் ஈரமானி ஒன்று. காலையில் பல் விளக்குமுன் அதைப் பார்ப்பார். அதனால் மனைவி அவருக்கு வைத்த பெயர் ஈரப்பதம். "ஈரப்பதம் சாப்பிட வருமா, இல்ல பெட்டிக்குள்ளயே இருக்குமா?"

அந்த அம்மாள்தான் ஒருநாள் தொட்டுவிட்டாள். தொலைபேசி மணி அடித்து அவர் எழுந்துபோன இடைவெளி. தட்டில் கிடந்த கப்பல் போட்ட வெள்ளி நாணயத்தை எடுத்து, பெருவிரல் நடுமுகத்தில் பதிய, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர் இரண்டு நாள் பேசவில்லை. "கடிச்சா தின்னுட்டேன்? கப்பல் நல்லா இருக்கேன்னு பாத்தேன்" என்றாள் அவள். சில மாதத்தில் ரேகை பழுப்பாக எழும்பியது. அவர் அந்த நாணயத்துக்கான சீட்டில் எழுதினார்: குறை: வலது பெருவிரல். அவளோ வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரர் சேர்த்ததுல என் கையெழுத்துப் போட்டது ஒண்ணுதான்" என்று பெருமையடித்தாள்.

அவள் போய்ப் பதினொரு மாதம்.

சென்ற வாரம் மகளுக்குப் போன் செய்தார். மகள் ஆய்வுக்கூடமொன்றில் உலோகங்களைச் சோதிப்பவள்.

"பாப்பா, ஒரு தப்புப் பண்ணிட்டேன். நாளைக்கு லீவு போட முடியுமா?"

"நெஞ்சு வலியாப்பா?"

"இல்ல. பச்சை."

வந்து பார்த்தாள். கப்பல் நாணயம் அலமாரியில் இல்லை; அவருடைய சட்டைப் பையில் இருந்தது. வேலைக்கான அடையாள அட்டையை உருவிவிட்டு, அந்த மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் நாணயத்தைச் செருகியிருந்தார். பதினொரு மாதமும் நெஞ்சோடு, உடல் சூட்டில். மெத்தென்ற பிளாஸ்டிக் வெள்ளிக்கு எமன் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனிதர். உறை அமிலம் கசிந்து, கப்பல் பாய்மரத்தின்மேல் பச்சையாகப் பிசுபிசுத்திருந்தது. ரேகை இருந்த இடமும் அதற்கடியில்.

மகள் கொண்டுவந்த பையைத் திறந்தாள். கண்ணாடிக் கிண்ணம், அசிட்டோன், நுனியில் நூல் சுற்றிய இடுக்கி ஆகியவற்றை மேசையில் வரிசையாக வைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். நாணயத்தைப் படம் எடுத்தாள்.

"படம் வேற" என்றார் அவர். பிறகு, "அது போயிடுமா?"

"பச்சை போயிடும்."

"நான் அதைக் கேக்கல."

"ரேகை வெறும் எண்ணெய்ப் பிசுக்குன்னா அதுவும் போயிடும். வெள்ளியைக் கொஞ்சம் தின்னிருந்தா நிக்கும். முக்கினாத்தான் தெரியும்."

"முக்காம விட்டா?"

"பச்சை வெள்ளியை அரிச்சுக்கிட்டே போகும். கொஞ்ச நாள்ல ரேகை இருந்த இடமே இருக்காது."

அவர் உட்கார்ந்தார், எழுந்தார். போய் ஈரமானியைப் பார்த்துவிட்டு வந்தார். அறுபத்து மூன்று என்றார், யாரும் கேட்காமலே. மகள் இடுக்கியை எடுத்தாள். அவர் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, கையை நீட்டி வாங்கிக்கொண்டார். லிஃப்ட் கதவுக்கு வெளியே எத்தனையோ பேர் தவித்துக்கொண்டு நிற்க, நிதானமாகத் திருகாணி முடுக்கிய கை. இப்போது நாணயத்தை விளிம்பில் கவ்விக் கிண்ணத்தின் மேல் பிடித்தது. நாணயம் அமிழ்ந்தது. மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிடம். திரவத்தை மாற்றி இன்னும் ஐந்து. பச்சை இழையிழையாகப் பிரிந்தது.

எடுத்தார். துடைக்கக்கூடாது, தானாகக் காய வேண்டும். காய்ந்தது. வெள்ளி வெளுத்துப் பளிச்சென்று இருந்தது. கப்பல், பாய்மரம், அலை. பழுப்பு இல்லை. மகள் விளக்கைச் சாய்த்தாள், இன்னும் சாய்த்தாள், லென்ஸை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. லென்ஸை எடுக்காமலே குனிந்திருந்தாள். நிமிர்ந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"நகரு" என்றார்.

நாணயத்தை விளிம்பில் பிடித்து விளக்கின் முன் உயர்த்தினார். மற்றக் கையால் முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கினார். வாயைத் திறந்து, அடிவயிற்றிலிருந்து, நாணயத்தின் முகத்தில் ஆவி படிய ஹாவென்று ஊதினார். வெள்ளி மங்கியது. அந்த மூட்டத்தின் நடுவே, பாய்மரத்துக்குக் குறுக்காக, வளைவு வளைவாக ஒரு பெருவிரல் எழுந்து நின்றது. மூன்று நொடி. ஓரத்திலிருந்து காய்ந்து மறைந்தது.

அவர் மறுபடி மூச்சை இழுத்தார்.