படகுப் பாட்டும் ஒரு ‘ங்க’வும்

மாடி போர்ஷனை வாடகைக்குக் கேட்டு அந்தப் போலந்துக்காரி வந்து நின்றாள். என் மகள் வயதுதான் இருக்கும். வங்காளத்துப் படகுக்காரர் பாட்டை ஆராய்ச்சி செய்வதாகப் புத்தகத் தமிழில் சொன்னாள். கருமத்தம்பட்டியில் படகா? நொய்யலில் தண்ணீர் வந்தாலே வேடிக்கை பார்க்கப் போகிற ஆட்கள் நாங்கள். படிப்பு முற்றி மூளை குழம்பிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவள் கணக்கு சரி. வங்காளத்து ஆற்றங்கரைகளில் அவள் வருஷக்கணக்காகத் தேடிப்போய்க் கேட்ட பாட்டுக்காரர்களின் பிள்ளைகள் இப்போது எங்கள் ஊர்த் தறிக்கூடங்களில் இருந்தார்கள். “பாட்டு எங்க போகுதோ அங்க நானும் போறேனுங்க” என்பாள். அந்த ‘ங்க’ என்னிடம் கற்றது.

தறி நிற்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்களில் நாலைந்து பேர் பக்கவாட்டுப் படியில் ஏறி வருவார்கள். ஒருவர் பாட, இவள் கண்ணை மூடிக் கேட்பாள். ஒரு வரியின் இழுப்பு தன் தொண்டையிலும் வரும்வரை விடமாட்டாள். காய்ச்சலில் கிடந்த வாரம்கூடப் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் தாளிப்பதை விட்டுவிட்டுக் கையில் கரண்டியோடு நின்று கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு குரல்.

வீதி சும்மா இருக்குமா? ஒரு நாள் என் கொழுந்தனார் வந்தார்.

“அண்ணி, வெள்ளைக்காரம்மா தாராளமா இருக்கட்டுங்க. நமக்குப் பெருமைதானுங்க. அந்த இந்திக்காரனுக மட்டும் ஊட்டுப்பக்கம் வர வேண்டாமுங்க. வீதியில ஒரு மாதிரி பேசறாங்க.”

மாடியிலிருந்து இறங்கி வந்தவள் காதில் அது விழுந்துவிட்டது.

“இந்தி இல்லீங்க, வங்காளமுங்க” என்றாள். “எனக்கு ‘ங்க’ போடறீங்க. பால்காரருக்குப் போடறீங்க. அவங்களுக்கு மட்டும் ஏனுங்க போடறதில்ல? பாட்டு அவங்களோடதுங்க. அவங்க வராத ஊட்ல எனக்கு என்னங்க வேலை?”

அன்றைக்கே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மரியாதைக்குப் பேர்போன ஊர் என்று நாம்தான் மார்தட்டிக்கொள்கிறோம். கன்றுக்குட்டியைக்கூடக் கண்ணு என்று கொஞ்சுகிறோம். நம் தறியை ஓட்டி நம் வயிற்றை நிரப்புகிற ஆள் மட்டும் அவன், இவன். வெட்கமாக இருந்தது. மாடிக்கு ஏறிப்போய்ப் பெட்டியைப் பிடுங்கி உள்ளே தள்ளினேன்.

“இது என்ற ஊடு அம்மணி. ஆரு வரோணும்னு நாந்தான் சொல்லோணும்.”

அடுத்த ஞாயிறு கொழுந்தனார் எதிர்வீட்டு வாசலில் நாலு பேரோடு நின்றிருந்தார். பாட வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு பக்கவாட்டுப் படிக்குப் போனார்கள். அந்தப் படியின் இரும்புக் கேட்டை நான் காலையிலேயே பூட்டியிருந்தேன். முன்கதவை விரியத் திறந்துவைத்து, தெருக்கோடிவரை கேட்கும்படி கூப்பிட்டேன்.

“அந்தப் பக்கம் எதுக்குங்க? இப்படி வாங்க. உள்ள வந்து தண்ணி குடிங்க.”

அன்றைக்கு மாடியில் இல்லை, என் வீட்டுக் கூடத்தில்தான் பாட்டு. ஜன்னலை நான் சாத்தவில்லை. பாடியவர் வாசலைப் பார்த்துப் பார்த்துக் குரலை அடக்கினார்.

“சத்தமாப் பாடச் சொல்லு கண்ணு” என்றேன்.

அவள் அதை வங்காளத்தில் சொன்னாள். கடைசியில் ஒரு ‘ங்க’வையும் சேர்த்தே சொன்னாள்.